மட்டக்களப்பில் டபிள் பெடல் வாங்குவது: செயினா, பெல்ற்றா, டிரெக்ட் டிரைவா?

ஒரே பேஸ் டிரம்மை இரண்டு காலாலும் அடிக்க உதவும் டபிள் பெடல் வாங்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் செயினா டிரெக்ட் டிரைவா என்றுதான் கேட்கிறார்கள். வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை இந்தக் கரையோரத்தில் வாசிக்கிறவருக்கு அந்தக் கேள்வி மூன்றாவதாக வந்தால் போதும். முதலில் பார்க்க வேண்டியது, இடது காலின் மிதியை, வலப்பக்கப் பெடலில் பூட்டியிருக்கும் இரண்டாவது பீற்றருக்கு (தோலை அடிக்கும் சுத்திக்கு) கொண்டுபோகும் இணைப்புத் தண்டு ஆடுகிறதா இல்லையா என்பது. அடுத்தது, ஒரு போல்ட்டோ ஸ்பிரிங்கோ போய்விட்டால் கொழும்புக்கு ஆள் அனுப்பாமல் இங்கேயே சரிக்கட்ட முடியுமா என்பது. இவ்விரண்டும் தெளிவானால் மிச்சத்தைக் கால் பழக்கமும் கைக்காசும் தீர்மானித்துவிடும்.

அதற்கு முன், டபிள் பெடல் தேவைதானா என்று ஒருமுறை யோசிப்பது நல்லது. பைலாவுக்கும் திருவிழா மேடைகளில் வாசிக்கும் பெரும்பாலான பாட்டுகளுக்கும் ஒற்றைப் பெடலே போதும். அங்கே பேஸ் டிரம் பேஸ் கிற்றாரோடு ஒட்டி நிற்க வேண்டும். அடி கூடினால் பாட்டுக் கலங்கும். தேவாலய ஆராதனையில் பாட்டு ஏறுகிற இடத்தில் டபிள் பெடல் அழகு சேர்க்கும். ஆனால் உயரமான கூரையும் தரை ஓடும் உள்ள மண்டபத்தில் வேகமான அடிகள் எதிரொலியில் ஒன்றாகக் குழைந்துவிடும் என்பதை மறக்கக்கூடாது. குத்துப் பாட்டு வாசிக்கிறவருக்குக் கையிலிருந்து காலுக்கு இறங்கும் மூன்றடி உருட்டல்களில் அது உண்மையாகவே உதவும். ஹெவி மெற்றல் இசை வாசிக்கிறவர் யோசிக்கவே தேவையில்லை. நிமிடத்துக்கு 120 துடிப்பு என்ற சாதாரண வேகத்தில் ஒரு துடிப்புக்கு நான்கு அடி போட்டாலே நொடிக்கு எட்டு அடி வருகிறது. ஒரு காலால் அதைப் பாட்டு முழுதும் தாங்குவது கடினம். இரண்டு காலுக்கும் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் நான்குதான்.

இரண்டு பேஸ் டிரம் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்களும் உண்டு. லூயி பெல்சன் போன்ற ஜாஸ் டிரம்மர்கள் அப்படித்தான் வாசித்தார்கள். ஒவ்வொரு காலுக்கும் தனிப் பெடல், நடுவில் தண்டு இல்லை. ஆகவே இரு கால்களிலும் உணர்வு ஒன்றாக இருக்கும். அது பெரிய நன்மை. ஆனால் இன்னொரு 22 அங்குல டிரம், இன்னொரு தோல், இன்னொரு மைக் வேண்டும். இரண்டையும் ஒரே சுருதிக்கு இழுக்கவும் வேண்டும். திருவிழா மேடையில் அதற்கு இடமும் கிடைக்காது, ஏற்றிக்கொண்டு போகும் வாகனத்திலும் கிடைக்காது. 1980களில், டிரம் கருவிகள் செய்யும் டிடபிள்யூ நிறுவனத்தின் டபிள் பெடல் பரவியபின் பெரும்பாலானோர் இரண்டாவது டிரம்மை விட்டுவிட்டதற்குக் காரணம் இதுதான்.

மூன்று வகை இழுவை

செயின் பெடலில் மிதிபலகையின் நுனியிலிருந்து ஒரு செயின் மேலேறி, கேம் எனப்படும் சில்லின் மேல் படிந்து பீற்றரை இழுக்கிறது. செயினால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. ஆகவே கால் எழும்போது பலகையை மேலே கொண்டுவருவது ஸ்பிரிங். அந்தச் சின்ன நெகிழ்வால்தான் செயின் பெடல் கால் பிழைகளைப் பொறுத்துக்கொள்கிறது. இரட்டைச் செயின் வேகம் தரும் என்று சொல்லப்படுவது சரியல்ல. அது தருவது பக்கவாட்டு ஆட்டம் குறைந்த உறுதியான இழுப்பு. பக்கவாட்டில் காலைச் சாய்த்து மிதிக்கும் பழக்கம் உள்ளவருக்கு அது பயன்படும்.

செயின் எத்தனை வரிசை என்பதைவிடக் கேமின் வடிவம் காலுக்கு அதிகம் தெரியும். வட்டக் கேமில் மிதியின் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கனம். மையம் விலகிய கேமில் மிதி இறங்க இறங்கப் பீற்றர் வேகம் பிடிக்கிறது; அடி பலமாக விழும், ஆனால் மெல்லிய அடியைக் கட்டுப்படுத்துவது சற்றுக் கடினம். தாமா நிறுவனத்தின் அயன் கோப்ரா 900 பெடலில் ரோலிங் கிளைட் வட்டக் கேம், பவர் கிளைட் மையம் விலகியது. டிடபிள்யூ 5000இல் டேர்போ வட்டம், அக்செலரேற்றர் விலகியது. பேர்ள் நிறுவனத்தின் எலிமினேற்றரில் கேமையே கழற்றி வேறொன்றைப் பூட்டலாம். முதன்முறை டபிள் பெடல் வாங்குகிறவருக்கு வட்டக் கேமே நல்லது. இடது காலுக்கு இன்னும் கட்டுப்பாடு வராத காலத்தில் நடுவழியில் வேகம் மாறும் கேம் பழக்கத்தைக் குழப்பும்.

பெல்ற் பெடலில் செயினின் இடத்தில் தடித்த துணிப்பட்டி. சத்தம் குறைவு, கனம் குறைவு, துருப்பிடிக்காது. கடற்கரையில் கடைசிச் சொல்லுக்கு மதிப்பு அதிகம். குறை என்னவென்றால், துளையிட்ட இடத்திலும் விளிம்பிலும் நூல் பிரியத் தொடங்கினால் அறுவதற்கு அதிக நாள் எடுக்காது. மாற்றுப் பட்டி ஒன்றைப் பெடலோடு சேர்த்தே வாங்கி வைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

டிரெக்ட் டிரைவில் செயினும் இல்லை, பட்டியும் இல்லை. பலகையையும் கேமையும் ஓர் உலோகக் கம்பி நேராகப் பிணைக்கிறது. பீற்றர் போகும்போதும் வரும்போதும் பலகை அதனோடே அசைகிறது. அக்சிஸ், ட்ரிக், பேர்ளின் டீமன் டிரைவ் ஆகியவை இந்த வகையில் பெயர் பெற்றவை. கணுக்காலால் வேகமாக வாசிக்கிறவருக்கு இது கொடுக்கும் துல்லியத்தைச் செயின் தராது. ஆனால் அதே துல்லியம் பழுதையும் அப்படியே காலுக்குச் சொல்லும். பேரிங்கில் ஒரு சிறு தளர்வு இருந்தாலும் ஒவ்வொரு அடியிலும் அது உள்ளங்காலில் தெரியும். மலிவான டிரெக்ட் டிரைவ் வாங்கவே கூடாது என்று உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான். தரமான பேரிங்கும் துல்லியமான கடைசலும் இல்லாத டிரெக்ட் டிரைவைவிட அதே விலைக்குக் கிடைக்கும் செயின் பெடல் எப்போதும் நன்றாக வாசிக்கும். உதிரிப்பாகத்தையும் யோசியுங்கள். ட்ரிக்கின் புரோ 1-வியில் ஸ்பிரிங் வெளியே தொங்கும் இழுவை ஸ்பிரிங் அல்ல. தூணுக்குள் அமுங்கும் வகை. சிறந்த வடிவமைப்புத்தான். ஆனால் பழுதானால் கல்முனையில் எந்த ஹாட்வெயார் கடையிலும் அதற்கு மாற்றுக் கிடைக்காது.

தண்டுதான் விலை

ஒரே நிறுவனத்தின் ஒற்றைப் பெடலையும் டபிள் பெடலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விலை இரண்டு மடங்குக்கு மேல் போவது தெரியும். அந்த அதிகப் பணத்தில் நல்ல பங்கு இணைப்புத் தண்டுக்கும் அதன் இரு முனைகளிலும் உள்ள யுனிவர்சல் ஜொயின்ற்றுக்கும் போகிறது, போகவும் வேண்டும். லொறியின் கியர்பொக்சிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டில் இருக்கும் அதே பொறிமுறைதான் இது: கோணத்தில் நிற்கும் இரண்டு அச்சுகளுக்கிடையே சுழற்சியைக் கடத்துவது. லொறி மெக்கானிக்குத் தெரிந்த விதி இங்கேயும் செல்லும். தண்டின் இரு முனைகளிலும் உள்ள கவைகள் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். ஒன்று படுத்தும் மற்றது நிமிர்ந்தும் இருந்தால், மிதி சீராக இருந்தாலும் பீற்றர் நடுவில் ஓடியும் தயங்கியும் போகும். நீளத்தை மாற்றத் தண்டைக் கழற்றிப் பூட்டும்போதுதான் இந்தப் பிழை நுழைகிறது. சில தண்டுகள் அறுகோணமாகவோ ஒரு பக்கம் தட்டையாகவோ இருப்பதால் சரியாக மட்டுமே பூட்டலாம். முழு உருளையாக உள்ளவற்றில் கண்ணால் பார்த்து நேராக்க வேண்டும்.

தளர்வைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். இடப்பக்கப் பீற்றரை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, இடப்பக்க மிதிபலகையை மற்றக் கையின் இரு விரலால் மேலும் கீழும் அசையுங்கள். பீற்றர் நகராமல் பலகை எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவும் வீணாகும் மிதி. பலகை நுனியில் இரண்டு, மூன்று மில்லிமீற்றர் என்றால் ஏற்றுக்கொள்ளலாம். ஒரு விரல் அகலம் ஆடினால் முதலில் தண்டின் போல்ட்டுகளை இறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் ஆடினால் ஜொயின்ற் தேய்ந்துவிட்டது. அந்தத் தேய்வை எந்தச் சரிசெய்தலும் குணப்படுத்தாது.

புதிய மலிவா, பழைய நல்லதா?

இங்கே கால்வைத்துப் பார்த்து வாங்கும் வாய்ப்புக் குறைவு. கொழும்பிலிருந்து வரவழைப்பது, அல்லது கனடாவிலோ சுவிசிலோ இருக்கும் சொந்தக்காரர் ஊருக்கு வரும்போது கொண்டுவரச் சொல்வது என்பதே வழக்கம். பெட்டியோடு ஏறத்தாழ எட்டு முதல் பத்துக் கிலோ வரும் என்பதால், பயணப் பொதியில் இடம் ஒதுக்கச் சொல்லி முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். வாங்கித் தருகிறவருக்கு டிரம் தெரியாமல் இருக்கலாம். அவரிடம் மூன்று படம் கேளுங்கள்: இரண்டு ஜொயின்ற்றுகளும் கிட்டத்தில், பீற்றர் தண்டு பூட்டும் இடத்துப் போல்ட்டின் தலை, அடித்தட்டின் கீழ்ப்பக்கம். போல்ட்டின் சதுரத் தலை உருண்டிருந்தால் தவறான சாவியால் முறுக்கியிருக்கிறார்கள். அடித்தட்டில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் ஈரத்தில் கிடந்திருக்கிறது. இடதுகாலருக்கென்று செய்த பெடலும் சந்தையில் உண்டு. அது மலிவாக விற்கும்போது தெரியாமல் வாங்கிவிடுகிறார்கள். வலதுகாலருக்கானதில் இரண்டு பீற்றர்களும் வலப்பக்கப் பெடலில் இருக்கும். படத்தில் அதைக் கவனியுங்கள்.

நேரில் பார்த்து வாங்கும்போது டிரம் சாவி, 30 செ.மீ. அடிமட்டம், ஒரு டோர்ச் போதும். இரண்டு பீற்றர்களையும் முன்னும் பின்னும் அல்ல, இடமும் வலமுமாக ஆட்டிப் பாருங்கள். அச்சோடு சேர்ந்து ஆடினால் பேரிங் போயிருக்கிறது. பேரிங் போனது தனியே பெரிய குற்றமல்ல. விளிம்பில் எண் அச்சிட்டிருந்தால், உதாரணமாக 608 என்றிருந்தால், உள் விட்டம் 8, வெளி விட்டம் 22, தடிப்பு 7 மி.மீ.; மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையிலோ பேரிங் கடையிலோ விசாரித்து வாங்கலாம். மிதிபலகையின் குதிப்பக்கக் கீலில் ஆட்டம் இருந்தால் அதற்கு லேத் பட்டறைக்குப் போக வேண்டி வரும். விலையில் அதைக் கழித்துப் பேசுங்கள். செயின் அறுந்த பெடலுக்குச் சைக்கிள் செயின் போடலாம் என்ற பேச்சை நம்பி வாங்காதீர்கள். பல்லின் இடைவெளியும் அகலமும் பெடலுக்குப் பெடல் வேறுபடும். ஒப்பிட்டுப் பார்க்காமல் போட்டால் கேமின் பல்லைத் தின்றுவிடும்.

ஆக, ஒரே பணத்துக்குப் பெயர் தெரியாத புதிய டபிள் பெடலும், ஜொயின்ற் இறுக்கமாக உள்ள பழைய அயன் கோப்ராவோ டிடபிள்யூ 5000ஓ கிடைத்தால் பழையதையே எடுங்கள். புதிதாகத்தான் வேண்டும், பணமும் அளவோடுதான் என்றால் பேர்ள் பி-932, தாமாவின் அயன் கோப்ரா 600 போன்ற நடுத்தர செயின் பெடல்கள் பல வருடம் உழைக்கும். பி-932இன் பலகை நீளமானது. குதி தூக்கி வாசிக்கும் பெரிய காலுக்கு அது வசதி. குதியை ஊன்றியே வாசிக்கிறவருக்கு நீளப்பலகை பெரிதாக எதையும் தராது. கோயில், தேவாலயம், கலியாணம் என்று எல்லா மேடைக்கும் போகிறவருக்குச் செயின். கடலுக்கு மிக அருகில் வீடு, வாசிப்பும் மென்மையானது என்றால் பெல்ற். ஒரே அறையில் பூட்டியபடி வைத்து நாள்தோறும் வேகப் பயிற்சி செய்கிறவருக்கு, பணம் இருந்தால் மட்டும், நல்ல டிரெக்ட் டிரைவ்.

பூட்டிச் சரிசெய்வது

வாங்கிய அன்றே இரண்டையும் பூட்டி ஓடவிட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். முதலில் வலப்பக்கப் பெடலை மட்டும் பூட்டி அதைக் காலுக்கு இதமாக்க வேண்டும். இடப்பக்கம் அதன் நகலாக அமைய வேண்டியது. மூலம் சரியில்லாமல் நகல் எடுத்துப் பயனில்லை.

இருக்கையில் அமரும்போது இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே இருக்கட்டும். பேஸ் டிரம்மின் முன்கால்களை நீட்டி முன்வளையம் தரையிலிருந்து ஓரிரு செ.மீ. எழும்படி வையுங்கள். பெடலின் கவ்வியை வளையத்தில் பூட்டுமுன் பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டு வெட்டி இடையில் வையுங்கள். மரவளையம் நசுங்காது, கவ்வியும் வழுக்காது. 22 அங்குல டிரம்மில் மையம் வளையத்தின் அடியிலிருந்து 28 செ.மீ. பீற்றர் முகம் அங்கேயோ ஓரிரு செ.மீ. மேலேயோ படட்டும். இரண்டு பீற்றர்களும் ஆறு, ஏழு செ.மீ. இடைவெளியில் அடிக்கும் என்பதால் மையப்புள்ளி அவற்றின் நடுவில் விழும்படி முழுப் பெடலையும் சற்று வலப்பக்கம் நகர்த்திப் பூட்டுங்கள். இதைச் செய்யாவிட்டால் வலது அடி மையத்திலும் இடது அடி ஓரத்திலும் விழும். காலில் எவ்வளவு பலம் இருந்தாலும் இரண்டு ஓசையும் வேறாகவே கேட்கும். இடது காலைக் குறை சொல்வதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் இது.

18, 20 அங்குல டிரம்மில் மையம் தாழ்வு. பீற்றரை இறக்கினால் அதன் தண்டின் வால் கீழே நீண்டு, மிதிக்கும்போது காலின் மேற்பக்கத்தில் இடிக்கும். அப்படியானால் வாலை வெட்டாமல், டிரம்மை உயர்த்தும் தாங்கி ஒன்றை வளையத்தின் கீழ் பூட்டுவதே முறை.

பீற்றர் ஓய்வில் நிற்கும் கோணம் தோலிலிருந்து 45 பாகை என்று தொடங்கலாம். கோணமானி தேவையில்லை. தோலுக்கும் பீற்றர் முகத்துக்கும் இடையே அடிமட்டத்தில் சுமார் 15 செ.மீ. வந்தால் சரி. பின்னுக்குப் போகப் போக அடி பலமாகும், கால் சீக்கிரம் களைக்கும். முன்னுக்கு வந்தால் வேகம் எளிது, ஒலி மெலியும். பீற்றர் தோலைத் தொடும் நிலையில் பலகைக்கும் அடித்தட்டுக்கும் நடுவே ஒரு விரலாவது நுழைய வேண்டும். பலகை முதலில் தட்டில் மோதினால் அடி பாதியில் நிற்கும், கீலும் உடையும். மலிவான பெடல்களில் பீற்றர் கோணத்தை மாற்றினால் பலகையின் உயரமும் சேர்ந்து மாறும். இரண்டையும் தனித்தனியே மாற்ற முடிவது நல்ல பெடலின் அடையாளங்களில் ஒன்று.

ஸ்பிரிங்கின் இறுக்கத்தை அதன் புரியின் நடுவில் வைத்துத் தொடங்குங்கள். காலைப் பலகையில் சும்மா வைத்தால் காலின் பாரத்தில் பீற்றர் மெல்ல முன்னே சாய வேண்டும், ஆனால் தோலில் போய் விழக்கூடாது. குதி தூக்கி முழுக்காலால் அடிக்கிறவருக்கு இன்னும் சற்று இறுக்கம் தேவை. பலகை காலைத் தேடி மேலே வர வேண்டும். இறுக்கினால் வேகம் வரும் என்று கடைசிப் புரி வரை முறுக்குவது பரவலான தவறு. வேகத்துக்குப் பதில் முன்கால் தசை எரியத் தொடங்கும், ஸ்பிரிங்கும் கொக்கியில் அறுந்துவிடும்.

இதில் ஒரு மணி நேரமாவது வாசித்துப் பார்த்தபின் இடப்பக்கத்துக்கு வாருங்கள். துணைப்பெடலை, அதாவது இடது காலுக்குரியதை, எங்கே வைப்பது என்பதை உடம்பே சொல்லும். ஸ்னேர் டிரம்மை நடுவில் வைத்துக் கண்ணை மூடி இரு கால்களையும் இயல்பாக விரித்து ஊன்றுங்கள். இடது கால் விழுந்த இடமும் கோணமும்தான் பெடலுக்குரியவை. தண்டின் நீளத்தை அதற்கேற்ப நீட்டிக்கொள்ளுங்கள். உள்தண்டு வெளித்தண்டுக்குள் குறைந்தது மூன்று, நான்கு செ.மீ. நிற்க வேண்டும், இல்லையென்றால் நுனியில் ஆடும். துணைப்பெடலைச் சிறிது முன்னே பின்னே நகர்த்தி இரு ஜொயின்ற்றிலும் வளைவு ஏறக்குறைய ஒரே அளவாக வரச் செய்யுங்கள். ஒன்று நேராகவும் மற்றது கூர்மையாகவும் வளைந்தால் கூர்மையான முனை உரசும், முதலில் தேய்வதும் அதுவே. தண்டைப் பிடிக்கும் போல்ட்டுகள் தண்டின் தட்டையான பக்கத்தில் உட்கார்கின்றனவா என்று பார்த்து இறுக்குங்கள்.

இனிப் பொருத்தம். இரு பீற்றர்களும் ஒரே வகையா, ஒரே கனமா? வீட்டுத் தராசில் நிறுத்துப் பாருங்கள். பழைய பெடல்களில் ஒன்று மாற்றப்பட்டிருக்கும். உயரமும் தோலிலிருந்து உள்ள தூரமும் மில்லிமீற்றர் வரை ஒன்றாகட்டும். ஸ்பிரிங் மட்டும் விதிவிலக்கு. துணைப்பெடல் தன் பீற்றரோடு தண்டையும் இரண்டு ஜொயின்ற்றையும் சுழற்ற வேண்டியிருப்பதால், அதன் ஸ்பிரிங்கை வலப்பக்கத்தைவிட ஒன்றிரண்டு சுற்று அதிகம் இறுக்கினால்தான் கால்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

சரிபார்க்கப் பெடலை டிரம்மிலிருந்து கழற்றி, ஒவ்வொரு பீற்றரையும் பின்னுக்கு இழுத்து விட்டு, நிற்கும் வரை எத்தனை முறை ஊசலாடுகிறது என்று எண்ணுங்கள். இடப்பக்கம் சற்றுக் குறையும், அது இயல்பு. வலப்பக்கத்தின் பாதிக்கும் கீழே போனால் எங்கோ உரசுகிறது: வளைந்த தண்டு, காய்ந்த ஜொயின்ற், அளவுக்கு மீறி இறுகிய அச்சுப் போல்ட் என்ற வரிசையில் தேடுங்கள். பிறகு டிரம்மில் பூட்டி, வேகத்தைத் தட்டிக் காட்டும் மெற்றனோமை 70இல் வைத்து வலது இடதாக ஒரே பலத்தில் வாசித்துக் கைத்தொலைபேசியில் பதியுங்கள். வாசிக்கும்போது கேட்காத வித்தியாசம் பதிவில் கேட்கும்.

எல்லாம் அமைந்ததும் ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து உலோகத்தின் மேல் ஒரு கோடாக நகப்பூச்சுப் பூசிவிடுங்கள். போல்ட் தளர்ந்தால் கோடு முறியும், மேடையிலேயே பார்த்துக் கண்டுபிடிக்கலாம். ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஸ்பிரிங்கையும் கோணத்தையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

ஹைஹற்றும் தரையும்

டபிள் பெடலோடு வரும் மறைமுகச் செலவு ஹைஹற் ஸ்டாண்ட், அதாவது இடது காலால் திறந்து மூடும் இரட்டைத் தட்டின் தாங்கி. மூன்று கால் ஸ்டாண்டின் ஒரு கால் பெரும்பாலும் துணைப்பெடல் நிற்க வேண்டிய இடத்திலேயே விழும். கால்களைச் சுழற்ற முடிகிற ஸ்டாண்டோ இரண்டு கால் ஸ்டாண்டோ தேவைப்படும். இடது கால் பேஸ் டிரம்முக்குப் போனதும் ஹைஹற் திறந்துவிடும் என்பதையும் முன்பே யோசிக்க வேண்டும். குச்சியால் தட்டினால் மேல் தட்டு விழுந்து மூடிக்கொள்ளும் டிராப் கிளட்ச் ஒன்று பூட்டினால் தீரும்.

துணைப்பெடல் வழுக்குவது இங்கே தீராத தொல்லை. அடியில் ஒட்டியிருக்கும் வெல்க்ரோ கம்பளத்தில்தான் பிடிக்கும். தேவாலயத்தின் வழுக்குத் தரையிலும் திருவிழா மேடையில் விரித்த தார்ப்பாயிலும் அது ஒன்றும் செய்யாது. 12 மி.மீ. ஒட்டுப்பலகையில் 4 அடிக்கு 2 அடி வெட்டி, மேலே கம்பளமும் கீழே ரப்பர் விரிப்பும் ஒட்டினால் எந்த மேடையிலும் நிற்கும். இரண்டு பெடல்களும் டிரம்மின் பின்வளையமும் அதே பலகையின் மேல் நிற்க வேண்டும். துணைப்பெடலுக்கு மட்டும் பலகை வைத்தால் அது உயர்ந்து தண்டு சரியும். பெடல்களின் இடத்தை மார்க்கரால் கோடிட்டு வைத்தால், வேறு குழுவின் டிரம் செற்றில் அடுத்து ஏறும்போதும் சில நிமிடங்களில் அமைத்துவிடலாம்.

மணல்தான் ஜொயின்ற்றின் பெரும் எதிரி. பாசிக்குடாவிலோ அறுகம்பையிலோ கடற்கரை மேடையில் வாசித்துவிட்டு வந்தால், முதலில் உலர்ந்த தூரிகையால் மணலைத் தட்டுங்கள். அதற்கு முன் எண்ணெய் விட்டால் மணல் எண்ணெயோடு குழைந்து உள்ளே அரைக்கும். பிறகு சற்று ஈரமான துணியால் உப்பைத் துடைத்து, உலரவிட்டு, ஜொயின்ற்றின் ஒவ்வொரு குறுக்கூசியிலும் தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி. தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் பிசினாகிப் பெடலைக் கனக்க வைக்கும். டபிள்யூடி-40 துருவைக் கிளப்ப நல்லது, ஆனால் பேரிங்கில் அடித்தால் உள்ளிருக்கும் கிறீசைக் கரைத்துவிடும். மூடிய பேரிங்குகளுக்கு எதுவும் விடத் தேவையில்லை. செயினுக்கு எண்ணெய் தோய்த்த துணியால் ஒரு துடைப்பு. கச்சான் காற்று வீசும் காலத்தில் தூசி, மாரியில் ஈரம். ஒக்ரோபர் தொடங்கித் தை வரை பெடலைச் சீமெந்துத் தரையில் வைக்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்ட மூடிய பெட்டியில் வையுங்கள்.

மின் டிரம்மில் பயன்படுத்துகிறவர்கள் இரண்டு பீற்றர்களும் படுமளவுக்கு, பேஸ் டிரம்முக்குப் பதிலாக நிற்கும் கிக் பாட் அகலமா என்று முதலில் அளக்க வேண்டும். வலைத்தோல் பாட்டில் பஞ்சுப் பீற்றர் அடித்தால் வலையைச் சுரண்டும். பிளாஸ்ரிக் முகம் படும்படி பீற்றரைத் திருப்பிப் போடுங்கள். சாதாரணத் தோலிலும் இரண்டு அடிகள் விழும் இடத்தில் இரட்டை ஒட்டுப்பட்டி ஒட்டாவிட்டால் தோல் இரண்டு குழியாகத் தேயும்.

வாசிக்கும் நடுவில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை சில இடங்களிலேயே தொடங்குகின்றன. பீற்றர் தானாகத் துடித்து இரண்டாவது முறை தோலைத் தொட்டால் ஸ்பிரிங் தளர்வு, அல்லது பீற்றரைத் தோலில் அழுத்தி வைத்திருக்கும் கால் பழக்கம். அரை மணி நேரத்தில் இடது அடி மெலிந்தால் களைப்பென்று முடிவு செய்யுமுன் தண்டின் போல்ட்டைத் தொட்டுப் பாருங்கள். பீற்றர் தன் பிடியில் சுழன்றுகொண்டே போனால் அதன் போல்ட்டின் புரி போயிருக்கிறது. அதே அளவில் இரண்டு போல்ட், ஒரு ஸ்பிரிங், ஒரு டிரம் சாவி, பொருத்தமான அலன் கீ ஆகியவற்றைப் பெட்டியிலேயே வைத்திருங்கள். கீச்சிடும் சத்தம் வந்தால் பெரும்பாலும் ஸ்பிரிங்கின் மேல் கொக்கி. அங்கே மெல்லிய கிறீஸ் ஒரு பொட்டு வைத்தால் நின்றுவிடும். பேஸ் டிரம்முக்குள் மைக் வைத்துப் பதிவு செய்யும் நாளில் முதலில் பார்க்க வேண்டியதும் அந்தக் கொக்கியைத்தான்.